ஹங்கேரி அடித்தால் மட்டும்

ஜெர்மனியில், டோர்ட்மண்ட் டிராமில் மகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். “ஹங்கேரி அடிச்சா மட்டுந்தான் வருவினமாம்,” என்று பின் இருக்கையில் மூத்தவர் ஒருவர் தமிழில் சொன்னார். ஒட்டுக்கேட்பது பிழையென்று தெரிந்தும் மகளின் கிலுகிலுப்பையை எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

“ஆர் அண்ணை?” இளைஞனின் குரல்.

“முதலாம் உலக யுத்தம் முடிய, செக்கோஸ்லோவாக்கியா, ருமேனியா, யூகோஸ்லாவியா மூண்டும் ஒப்பந்தம் போட்டது. ஹங்கேரி அடிச்சா ஒருத்தருக்கொருத்தர் உதவி. கடைசியிலை செக்கோஸ்லோவாக்கியாவை வெருட்டினது…” குரல் தணிந்தது. “இவங்கள், இந்த நாட்டுக்காரர்.”

“மற்ற ரெண்டு பேரும்?”

“ஒப்பந்தத்திலை இவங்கடை பேர் இல்லையெண்டு பேசாமல் இருந்திட்டாங்கள்.”

“நாளைக்கு என்ரை அகதி விசாரணைக்கு வாறன் எண்டனீங்கள். அதுவும் இப்பிடித்தானோ?”

“அது பக்கத்து மாவட்டமெண்டு எனக்குத் தெரியுமே? அகதிக் கேஸ் முடியாத நான் அனுமதியில்லாமல் மாவட்ட எல்லை தாண்டினா, என்ரை கேசும் கெட்டுப் போகும்.”

“தனியப் போனா எனக்கு வாய் திறக்க ஏலாதண்ணை.”

மூத்தவர் பையின் சிப்பைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

“பரவாயில்லை. ஹங்கேரி அடிச்சாச் சொல்லியனுப்பிறன், வாங்கோ.”

மூத்தவர் சத்தமாகச் சிரித்தார். மகள் என் தோளுக்கு மேலால் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தரிப்பிடம் வந்தது. மூத்தவர் எழுந்து இளைஞனின் மஃப்ளரை இறுக்கிவிட்டார்.

“எழும்பு. இப்பவே போய் அனுமதி கேப்பம். தராட்டிலும் வாறன்.”

“உங்களைப் பிடிச்சா?”

“அப்ப என்ரை விசாரணைக்கு நீ வா.”