திருப்பி அனுப்பிய கிடேரி

அம்பாசமுத்திரத்திலிருந்து ஆழ்வார்குறிச்சி செல்லும் பேருந்தில், என் முன்னிருக்கையில் இருவர் பேசிக்கொண்டு வந்தனர்.

“கன்னுக்குட்டி சிறுசாப் போனதுக்கு மன்னிப்புக் கேக்கப் போற மொத ஆளு நாந்தாம்வே,” என்றார், பழப்பையை மடியில் வைத்திருந்த முதியவர்.

“யார்ட்டவே?” என்றார் தோழர்.

“சம்பந்திட்ட. அவரு சீராக் குடுத்த கிடேரி எலிக்குஞ்சு கணக்கா ஒரு கன்னு போட்டுச்சு. நோஞ்சான் மாட்டை நம்ம தலையில கட்டிட்டாருன்னு ஏசி, கன்னோட லோடு ஆட்டோவுல ஏத்தித் திருப்பி அனுப்பிட்டேன். நேத்து மாட்டு டாக்டர்ட்ட சொன்னா சிரிக்காரு. மொதத் தடவையா ஈனுத தலையீத்துக் கன்னு பெரும்பாலும் அப்படித்தான் இருக்குமாம். தாயே இன்னும் வளந்து முடியலையாம். திங்குத தீனியில ஒரு பங்கு அது வளரதுக்கே போயிருமாம்.”

“இத்தன வருசமா மாடு வச்சிருக்கீரு, இது தெரியாதாவே?”

“நான் சந்தையில பிடிச்சதெல்லாம் ரெண்டு ஈத்துக் கண்ட மாடுவே. தலையீத்தை வீட்டுல பாத்ததே இல்ல.”

“சம்பந்தி நல்ல மனுசன். மாட்டை அனுப்பிருவாரு, விடும்.”

முதியவர் பழப்பையின் வாயை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“மாடு வரும்வே. அன்னைக்கு அதே ஆட்டோவுல ஏறிப்போன மருமவ வருவாளா?”