தலைமன்னார் கப்பலுக்குப் போகிறவர்கள்

"தாலியக் கழட்டித் தா புள்ள, மடியில வெக்கிறன்."

தமிழர் மீதான கலவரத்துக்கு அடுத்த மாதம், கல்முனையில் பொலன்னறுவை பஸ்ஸுக்கான வரிசை. எனக்கு முன்னால் நின்ற தொப்பிக்காரர் தம் மனைவியிடம் சொன்னார். மகள் சுகமானதற்கு நாகூர் நேர்ச்சை. இருவரும் தலைமன்னாரில் கப்பல் ஏறவேண்டும்.

"நாம சோனகர்தானே, தமிழாக்கள் இல்லியே?" என்றாள்.

"நம்மட பொண்டுகளும் தாலி கட்டுறது அங்கால சிங்கள ஊருகள்ல ஆருக்குத் தெரியும்? தமிழாக்கள் எண்டு இறக்கிருவானுகள்."

"உங்கட தொப்பி இரிக்கே."

"தொப்பிய ஆரும் போடலாம் புள்ள."

"தாலிய நான் கழட்டுறது நீங்க மௌத்தானாத்தான். முக்காட்டால மறைக்கிறன்."

அவர் சந்திப் பக்கம் கையைக் காட்டினார். "அப்ப அந்தா நிக்கிற வேனப் பிடிப்பம். எங்கயும் நிக்காமப் போயிரலாம்."

"வேன்ல நாம மட்டும்தானே. வழியில மறிச்சா?"

"பஸ்ஸையும் மறிப்பானுகள்."

"ஓம். பஸ் எண்டா, நம்மள இறக்கினதப் பாத்த ஆராவது ஊருக்கு வந்து மகளுக்கிட்டச் சொல்லுவாங்க."

பஸ் வந்தது. படியில் ஏறிய அந்தப் பெண் திரும்பி, வரிசையில் நின்ற எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.