டிரைவைக் காணோம்

இல்ல தங்கச்சி, கீழ விழல. தண்ணி, காப்பி எதுவும் கொட்டல. மேடம்னு கூப்பிட எனக்கு வாய் வராது, தப்பா எடுத்துக்காதீங்க. லேப்டாப்ல லைட் எரியுது, ஃபேன் சுத்துது, அப்புறம் கறுப்பா ஒரு திரை. ஸ்டார்ட் ஆகுறதுக்கு டிரைவைக் காணோம்னு ஒரே ஒரு வரி. என் பொண்ணு அதப் பாத்துட்டு, அப்பா, லேப்டாப்புக்கு அம்மா யாருன்னே மறந்துபோச்சுங்கிறா. ஒம்பது வயசுதான், வாய் மட்டும் இம்மாம் பெருசு.

என் வீட்டுக்காரியோடதுங்க. ஆஸ்பத்திரி லேப்ல ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்றா. நான் தையல் மெஷின் மெக்கானிக். மெஷின் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் கொஞ்சுவேன், ஓடிடும். இதுக்கு எங்க எண்ணெய் விடுறது, சொல்லுங்க.

அதெல்லாம் பண்ணியாச்சு. அவளே நாலு தடவை அணைச்சு அணைச்சுப் போட்டுப் பாத்தா. சார்ஜரையும் கழட்டிப் பாத்தா. அவகூட வேலை பாக்குற பொண்ணு போன்ல சொல்லச் சொல்ல, ஆன் ஆகும்போதே ஏதோ பட்டனைத் தட்டி உள்ளயும் போய்ப் பாத்தா. டிரைவ் இருக்கணும்கிற எடத்துல ஒண்ணுமே இல்ல. நீங்களும் இப்ப அதத்தான பாக்குறீங்க? காலியாத்தான் இருக்கும்.

அவசரந்தான். வெளியூர்ல ஒரு படிப்பு, ரெண்டு வருஷம். முடிச்சா லேபுக்கே தலைமையா வரலாமாம். அதுக்கு மூணு மாசமா ஒரு கட்டுரை எழுதியிருக்கா. அடுப்புல ஒண்ணு வேகும், மடியில இது இருக்கும். இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். வேற எங்கயும் காப்பி எடுத்து வைக்கல.

நானா? போகாதன்னு ஒரு வார்த்தை சொல்லலையே. போயிட்டு வான்னும் சொல்லல, அது வேற விஷயம்.

திறக்கணுமா? திறங்க. நான் மூடியப் பிடிச்சுக்கவா? சரி சரி, கை வைக்கல.

அழுதாளான்னு கேக்குறீங்களா? அழல. கத்தியிருந்தாக்கூட நல்லாருந்திருக்கும். அவ சிரிச்சா, தங்கச்சி. விடுங்க, நான் போறது இந்த மெஷினுக்கே பிடிக்கல போலன்னு சொல்லிட்டு வேலைக்குக் கிளம்பினா. வாசல் வரைக்கும் போனவ திரும்பி வந்து இதத் தூக்கி என் கையில குடுத்தா. உங்க கைராசிக்கு சரியாயிடும்னா. நான் சாப்பிட்ட தட்டை அப்படியே வச்சிட்டு எழுந்துட்டேன். கைகூடச் சரியாக் கழுவாம உங்க கடைக்கு ஓடியாந்துட்டேன்.

என்னாச்சு? ஆமா, அந்தச் சின்னப் பட்டைதான் டிரைவு. ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குதா? கெட்டுப்போயிடலையே? அழுத்தி உக்கார வச்சாப் போதுமா? எழுதினதெல்லாம் உள்ள அப்படியே இருக்குமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க... அப்பாடா. நல்லாருப்பீங்க தங்கச்சி.

தானா கழண்டிருக்காதா? ம். அதுவும் சரிதான்.

ஸ்க்ரூவையும் காணோமா? மேசைக்கு அடியில குனிஞ்சு தேடாதீங்க, நிமிருங்க. இந்தாங்க. நேத்து சட்டையிலேர்ந்து இன்னிக்குச் சட்டைக்கு மாத்தி வச்சுக்கிட்டேன், தூக்கிப்போட மனசு வரல. அவ குளிக்கப் போன நேரத்துல கழட்டினேன், ரெண்டு நிமிஷ வேலை. ரெண்டு வருஷம் அந்த வீட்டுல அவ இல்லாம எப்படி இருக்கிறதுன்னு தெரியல, வேறென்ன சொல்ல. அஞ்சு மணி தாண்டினதும் திரும்ப மாட்டி வச்சிடலாம்னு நெனச்சேன்.

அப்படிப் பாக்காதீங்க. அவகிட்ட நானே சொல்லிக்கிறேன், இன்னிக்கே. முதல்ல போன் போட்டு வரச் சொல்றேன், மணி இப்பத்தான பன்னெண்டு. நீங்க அந்த ஸ்க்ரூவ நல்லா இறுக்கிப் போடுங்க. என் கையால கழட்ட முடியாத அளவுக்கு.