மூடியில் துளை போட்ட டப்பா

சவர சோப்பை எதில் வைப்பது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் தப்பாகத்தான் பதில் சொல்வார்கள். பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு இறுக்கி மூடிவிடுவார்கள். மறுவாரம் திறந்தால் சோப்பு கூழாகிக் கிடக்கும். தகர டப்பா துருப்பிடிக்கும். கண்ணாடிக் கிண்ணம் ஈரக் கையில் வழுக்கும். அகலமான எவர்சில்வர் டப்பா வேண்டும், உள்ளே இட்லித் தட்டு போல ஓட்டைத் தட்டு வேண்டும், மூடியிலும் நாலு துளை வேண்டும். காற்று போய்வந்தால்தான் சோப்பு காயும். பாத்திரம் அறிந்து பிச்சை போடு என்று சும்மாவா சொன்னார்கள். எதற்கு எந்தப் பாத்திரம் என்பது தெரியாதவன் என் தொழிலில் இருக்க முடியாது.

சிதம்பரத்தில் தேர் ஓடும் வீதியில்தான் என் கடை. நடனசபாபதி பாத்திரக்கடை என்றால் யாரும் வழி சொல்வார்கள். என்னைக் கோபக்காரன் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. நீங்களும் கடைவீதியில் விசாரித்திருப்பீர்கள் சார்.

இந்த டப்பா விஷயத்தை என்னிடம் கேட்டது என் மனைவி இளமதி. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து அவளைக் கடலூர் முதுநகரில் இருக்கும் தாய் வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். ஒருநாள் போனில் பேசிக்கொண்டிருந்தவள் பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்.

"ஏங்க, சேவிங் சோப்பு வைக்கறதுக்கு எந்த டப்பா தோதா இருக்கும்?"

"யாருக்கு?"

"பக்கத்து வூட்ல கேட்டாங்க. சும்மா சொல்லுங்களேன்."

நான் இப்போது உங்களிடம் சொன்னதையே அவளிடமும் சொன்னேன். மூடியில் துளை அவசியம் என்பதை இரண்டு தடவை சொன்னேன். போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். பக்கத்து வீட்டில் இருப்பவர் புருஷனை இழந்த ஒரு கிழவி. இன்னொரு பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. இளமதியின் அப்பா செத்துப் பல வருஷமாகிறது. அந்த வீட்டில் அவளும் அவள் அம்மா தில்லையம்மாளும்தான் இருக்கிறார்கள்.

நானோ சவரம் செய்து மாதக்கணக்காகிறது. மனைவி முழுகாமல் இருக்கும்போது புருஷன் முகத்தில் கத்தி வைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். குழந்தை பிறந்த பிறகுதான் தாடி எடுக்க வேண்டும். கழுத்து வரை வளர்ந்து, கடைக்கு வருகிற பெண்களெல்லாம், "இன்னும் எத்தினி நாளு அண்ணே?" என்று கேலி செய்யும் அளவுக்கு ஆகியிருந்தது. எனக்கு அந்தக் கேலி பிடித்துத்தான் இருந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து வந்த குழந்தை. ஆக, எனக்குச் சவர சோப்பு தேவையில்லை. அது என் மனைவிக்குத் தெரியும். பிறகு யாருக்கு?

கொளஞ்சியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவன். மெஷின் வந்துவிட்டாலும் பித்தளைக்கும் வெள்ளிக்கும் உளிதான் அழகு என்று கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவனுக்கு விரல்கள் நீளம். அந்த விரல்களுக்குள் உளி ஒடுங்கி நிற்கும். கடையில் காலையிலிருந்து மாலை வரை டக் டக் என்று அவன் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். கல்யாணம் ஆகாதவன். தினமும் மழமழவென்று சவரம் செய்துகொண்டுதான் வருவான்.

அவன் வீடு செம்மங்குப்பத்தில். இளமதிக்கு முருங்கைக்கீரை, மாத்திரை என்று அவனிடம் கொடுத்தனுப்பியது நான்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் அங்கிருந்து சிதம்பரம் வருகிறவனுக்கு முதுநகர் எதிர்த்திசை. நான் எதுவும் கொடுக்காத நாட்களிலும் போயிருக்கிறான். பண்ருட்டிப் பலாச்சுளை வாங்கிக்கொண்டு போனதாக என் மாமியார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னை முதலில் மொதலாளி என்றுதான் கூப்பிட்டான். இளமதியை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்ததும் நான் மாமா ஆகிவிட்டேன். அக்கா என்று கூப்பிடுகிறவனை ஊர் சந்தேகப்படாது. அதற்காகவே அப்படிக் கூப்பிடுகிறவர்களும் உண்டு.

போனில் பேசிய அந்த வாரமே, கொளஞ்சி ஒரு சின்ன எவர்சில்வர் மூடியைக் கட்டையில் வைத்துத் துளை போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நாலு துளை.

"என்னாடா அது?"

"ஒண்ணுமில்ல மாமா. ஒருத்தவங்க கேட்டாங்க."

கேட்டது யார் என்று சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே பைக்குள் போட்டுக்கொண்டான். நெருப்பில்லாமல் புகையாது என்று உங்களுக்குத் தெரியும். மூன்று நாள் கழித்து ஒரு மத்தியானம் பின்கட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனில் பேசினான். நான் அண்டா அடுக்குக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன்.

"தேதி தெரிஞ்சதும் சொல்லுங்கக்கா. அதுதான் பாக்கி. மாமாகிட்ட மூச்சு விடமாட்டேன்."

இதைக் கேட்ட ஒரு புருஷன் என்ன நினைப்பான்? நீங்களே சொல்லுங்கள். குழந்தை பிறந்ததும் தேதி பார்த்துக் கிளம்பிவிடப் போகிறார்கள் என்று எனக்குப் பட்டது. தாடியைத் தடவிப் பார்த்தேன். யாருக்காக இதை வளர்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. இளமதியிடம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். மாசமாக இருப்பவளிடம் கேட்டு அவள் மனசை நோகடிக்க எனக்கு இஷ்டமில்லை.

கடையின் பின்கட்டில் பூமிக்கடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அன்றைக்கு அதைக் கழுவிக் காய விட்டிருந்தோம். ஆள் குனிந்து நிற்கும் உயரம், மேலே இரும்பு மூடி. கொளஞ்சி டீ குடிக்கப் போயிருந்தபோது அவனுடைய உளி என் கையில் இருந்தது. அதைத் தொட்டிக்குள் போட்டேன். வந்ததும் சொன்னேன்.

"ஒன் உளி உள்ள வுழுந்துடுச்சிடா."

"அதுக்கென்ன மாமா, தோ எடுத்தாறேன்."

இறங்கினான். நான் மூடினேன். பித்தளை அண்டாவை மேலே நகர்த்தி, தராசு எடைக்கற்களை அதற்குள் போட்டேன். ஐம்பது கிலோ கற்களெல்லாம் இப்போது யார் கேட்கிறார்கள், சும்மா கிடந்தவைதான். உள்ளேயிருந்து அவன் குரல் கேட்டது. பதற்றமே இல்லை.

"மாமா, மூடி சாஞ்சிடுச்சி போலருக்கு. கொஞ்சம் தூக்குங்களேன்."

நான் முன்பக்கம் வந்து உட்கார்ந்தேன். சீர்வரிசைப் பாத்திரம் வாங்க ஒரு குடும்பம் வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் எவர்சில்வர் கேட்கிறார்கள், பெண்ணின் அம்மா பித்தளை வேண்டும் என்கிறார். பொறுமையாக எடுத்துக் காட்டினேன். பின்கட்டிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. இரும்பு மூடியை அந்த உளியாலேயே தட்டியிருக்க வேண்டும். பாத்திரக்கடையில் அந்தச் சத்தம் யாருக்கும் வித்தியாசமாகப் படாது.

"பேரு வெட்றாங்களா? எங்க கொடத்துலயும் பொண்ணு பேரு போட்டுக் குடுங்களேன்" என்றார் அந்த அம்மா.

"இன்னிக்கி அவனுக்கு வேல ஜாஸ்திம்மா. நாளைக்கி வாங்க."

குடத்தை வைத்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் தொட்டிக்கு நகராட்சித் தண்ணீர் வந்தது. அந்தக் குழாய்க்கு என் கடையில் வால்வு கிடையாது, தானாக வரும், தானாக நிற்கும். தண்ணீரைத் திறந்துவிட்டது நான் இல்லை. இதைத் தயவுசெய்து அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். நான் செய்தது ஒரு மூடியைப் போட்டது மட்டும்தான். விளக்கு ஏற்றும் நேரத்துக்குள் சத்தம் நின்றுவிட்டது. அந்த அமைதி எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலை இளமதி போன் செய்தாள். குரல் சோர்ந்திருந்தது. சிரிப்பும் இருந்தது.

"பொண்ணு பொறந்துருக்குங்க. நல்லா இருக்கு. கெளம்பி வாங்க. அப்பறம்... கொளஞ்சி தம்பி போனே எடுக்க மாட்டேங்குது. அதுகிட்ட இன்னிக்கித் தேதிய மட்டும் சொல்லிடுங்க. ஏன்னு கேக்காதீங்க."

கல்லாவுக்கு அடியில் கிடந்த அவன் பையைத் திறந்தேன். அவன் போனுக்கு அடியில், ஒரு பழைய துண்டில் சுற்றி அந்த டப்பா இருந்தது. அகலமாக, உள்ளே ஓட்டைத் தட்டோடு, மூடியில் நாலு துளையோடு. நான் சொன்ன எதுவும் விட்டுப்போகவில்லை. புதுச் சோப்பு ஒன்றும் உள்ளே இருந்தது. மூடியின் நடுவில் சி. நடனசபாபதி என்று வெட்டியிருந்தான். கீழே, குழந்தை பிறந்த நாள் என்று வெட்டி, பக்கத்தில் தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தான்.

தாடி எடுக்கும் நாளில் எனக்குக் கொடுப்பதற்காம். என் மாமியார் உங்களிடம் அழுதுகொண்டே சொன்னாராமே, கேள்விப்பட்டேன். அந்த டப்பாவைக் கையில் வைத்திருந்தபோது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். திரும்பத் துண்டில் சுற்றிப் பைக்குள்ளேயே வைத்தேன்.

பிறகு கொளஞ்சியின் அம்மா தேடி வந்தார்கள், நீங்களும் வந்தீர்கள். தொட்டி எங்கே என்று கேட்டீர்கள், காட்டினேன். அண்டாவை நகர்த்தவும் கை கொடுத்தேன். கொளஞ்சியைத் தொட்டிக்குள் வைத்து மூடியது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஆனால் அந்த மூடியை நீங்கள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும் சார். நான் ஆயிரக்கணக்கான பெயர்களைப் பார்த்தவன். கூலிக்கு வெட்டுகிறவன் ஒரு டப்பாவுக்கு அவ்வளவு மெனக்கெடமாட்டான். ஒவ்வொரு புள்ளியும் அத்தனை சீர். ஒருவன் பெயரை இன்னொருவன் அவ்வளவு பொறுமையாக வெட்டினால், யாரைச் சந்தோஷப்படுத்த வெட்டுகிறான்? என் பெயரைப் பார்த்ததும் நான் அடங்கிவிடுவேன் என்று இரண்டு பேரும் கணக்குப் போட்டிருக்கலாம். அதை நீங்கள் யாரும் விசாரிக்கவில்லை.

தாடியை இன்னும் எடுக்கவில்லை. இங்கே பிளேடு கொடுக்கமாட்டார்கள் என்பது தெரியும், கேட்கவும் இல்லை. ஒரே ஓர் உதவி மட்டும் செய்யுங்கள். இளமதியிடம் சொல்லி, குழந்தையை ஒருதடவை கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். தூக்கக்கூட வேண்டாம், விரல் நீளத்தை மட்டும் பார்த்தால் போதும்.