கெருப்புக் கயிறும் கீழிறங்கிய தாடையும்

என் பேச்சு எப்போது முடியும் என்று இப்போதே கடிகாரம் பார்க்கும் தெருத்தலைவர் பாக் சுகெங் அவர்களே! நாளைய சுதந்திர நாளுக்கு வெயிலென்றும் பாராமல் தோரணம் கட்டிய இளைஞர்களே! மஞ்சள் சோற்றுக் கூம்பைச் சமைத்துவிட்டு, அதை வெட்டவிடாமல் பேசுகிறாளே இந்தப் பல் மருத்துவர் என்று முறைக்கும் தாய்மார்களே! பெரியோர்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

பசி எனக்கும் உண்டு. ஆனால் சோற்றை மெல்லும் தாடையைப் பற்றிச் சொல்லாமல் சோற்றில் கைவைக்க மாட்டேன்.

சென்ற ஆண்டு இதே திடலில் சுதந்திர நாள் போட்டிக்காகக் கயிற்றில் கெருப்புக் அப்பளம் தொங்கியது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்தப் பொரித்த அப்பளத்தை வாயாலேயே எட்டிக் கடிக்க வேண்டும். தோற்பாவைக் கூத்தில் பாடும் நம் வினார்தி அண்ணாந்தார், அகலத் திறந்தார், திறந்த வாய் மூடவில்லை. நாம் என்ன செய்தோம்? சிரித்தோம். அவர் கண்ணில் நீர் வழிந்தது, கோமாளித்தனம் என்று கைதட்டினோம். "கடி வினார்தி, வேடிக்கை காட்டாத" என்று ஒலிபெருக்கியில் கத்தியவர் யார்? தலைவரே, தலையைக் குனியாதீர்கள், நான் பெயர் சொல்லப்போவதில்லை.

உண்மை புரிந்ததும் உதவி வந்தது. என்ன உதவி? முகவாயைக் கீழிருந்து மேலே தள்ளினார்கள். கைலியால் தலையோடு சேர்த்துக் கட்டினார்கள். தள்ளத் தள்ளத் தசை இறுகியது.

காதுக்கு முன்னால் விரலை வையுங்கள். வாயைத் திறந்து மூடுங்கள். உருளுகிறதா? பின்வரிசை அண்ணன், மெதுவாகத் திறவுங்கள். இன்று இன்னொருவரை என்னால் தாங்க முடியாது. வினார்திக்கு அந்த எலும்பு உருண்டை ஒரு மேட்டைத் தாண்டி முன்னே சறுக்கிவிட்டது. பல்லைக் கடித்தால் கன்னத்தில் புடைக்குமே, அந்தத் தசை அதைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொண்டது. மேலே தள்ளினால் எப்படித் திரும்பும்? முதலில் கீழே அழுத்த வேண்டும். பிறகே பின்னே தள்ள வேண்டும். அவரை என்னிடம் அழைத்து வந்ததும், கட்டைவிரல்களில் துணி சுற்றிக் கடைவாய்ப் பற்களைக் கீழே அழுத்திப் பின்னே தள்ளினேன். 'டொக்' என்று இடத்தில் அமர்ந்தது.

வினார்தியின் முதல் சொல் என்ன தெரியுமா?

"டாக்டரம்மா, நான் இனி பாடுவேனா?"

கணவர் துக்கிஜான் பதறிப்போய், "பாட்டு போனாப் போகுது, நீ சாப்பிட்டாப் போதும்" என்றார்.

"மாஸ், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்று வினார்தி கணவரை அனுப்பிவைத்தார்.

தாடைக்கு ஓய்வு கொடு என்றேன்; கொடுத்தார். கொட்டாவி வந்தால் முகவாய்க்குக் கீழே முஷ்டியை வைத்து முட்டுக்கொடு என்றேன், கொடுத்தார். குழுவில் வேறு பாடகியைத் தேடுகிறார்கள் என்று சேதி வந்தது. தேடட்டும் என்று கஞ்சியைக் குடித்தார். போட்டிக்கு முன்பே மாதக்கணக்கில் காதோரம் சொடக்குச் சத்தம் கேட்டும் சும்மா இருந்துவிட்டேனே என்று ஒருநாள் என் முன்னால் அழுதார். மறுநாளும் தாடைப் பயிற்சிக்கு வந்தார்.

நாளைய போட்டியை நிறுத்தச் சொல்லவா வந்தேன்? இல்லை! கயிற்றைத் தாழ்த்துங்கள், கெருப்புக்கை உடைத்துத் தொங்கவிடுங்கள். சுவாரசியம் போய்விடும் என்கிறீர்களா? போகட்டும். தாடை போகக் கூடாது. யாருக்காவது வாய் மூடாமல் நின்றால் தள்ளாதீர்கள், கட்டாதீர்கள், சிரிக்காதீர்கள். என்னிடம் அழைத்து வாருங்கள். எந்த நேரமானாலும் கதவைத் திறப்பேன்.

பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி கூறி அமர்கிறேன். அடுத்து இந்த மேடையில் வினார்தி வாயைத் திறப்பார். இந்த முறை சிரிக்காமல் கேளுங்கள். வணக்கம்.