கையில் கொன்றவள்

நீதிமன்றக் குமாஸ்தா நான்; எனக்கு மேசை சுத்தமாக இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்திலிருந்து மாதம் ஒருமுறை நீதிபதி சின்ன விமானத்தில் வந்து இறங்கும் எங்கள் செம்மண் ஊரில் அது மட்டும் நடக்காது. ஒரே பகலில் முடிந்ததை முடித்துவிட்டு அவர் பறந்துவிடுவார். மிச்சமெல்லாம் என் தலையில் விடியும். அதனால் செயற்கை நுண்ணறிவு இயந்திரம் வந்தபோது மனசார மகிழ்ந்தேன். போலீஸ் விசாரணையின் ஒலிப்பதிவைக் கேட்டு அதுவே சுருக்கம் எழுதிவிடும். புரியாத சொல்லை மஞ்சளாக்கி, நீக்கவா, மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்பவா என்று என்னைக் கேட்கும். அனுப்பினால் வழக்கு மாதக்கணக்கில் கிடக்கும்.

நோலின் என்ற பூர்வகுடிப் பெண்ணின் வழக்கு அப்படி வந்ததுதான். அவள் புருஷன் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே மண்டை உடைந்து கிடந்தான். ஏணியிலிருந்து விழுந்தான் என்றுதான் ஊரே சொன்னது. ஆனால் அன்று காலை இருவருக்கும் சண்டை. போலீஸ் கேட்டதற்கு அவள் சொன்னது: "ஆமா, கொன்னேன். கையில கொன்னேன்."

இங்கே பூர்வகுடி மக்கள் பேசும் ஆங்கிலத்தில் 'கில்', அதாவது கொல்வது, என்றால் அடிப்பது; அவள் சொன்னது, அவன் கையில் அடித்தேன் என்பதுதான். தலை நரைக்கும்வரை இங்கேயே இருந்தவனுக்கு இது தெரியாதா? இயந்திரம் 'கையில்' என்பதை மஞ்சளாக்கியது. நீக்கச் சொன்னேன்.

மறுநாள் அவள் அக்கா மேவிஸ் வந்தார். என்னைத் தம்பியாக்கிக்கொண்டவர். அந்த முறையில் நோலின் எனக்கும் தங்கச்சி.

"ஏன் தம்பி, குச்சியால அவன் முழங்கையில ரெண்டு போட்டா அவ, அவ்ளோதான். அத ஜட்ஜுகிட்ட சொல்லிடேன்."

"போங்கக்கா, பாத்துக்கறேன்."

"நீ இருக்கறப்ப எனக்கென்ன கவல," என்று சிரித்துக்கொண்டே போனார்.

நீதிபதி சுருக்கத்தைப் படித்துவிட்டு, கணவனைக் கொன்றாயா என்றார். அதே விமானத்தில் வந்த அவள் வக்கீலும் அதைத்தான் படித்திருந்தார். நோலின் ஆமாம் என்றாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் காகிதம் அடுக்கிக்கொண்டிருந்தேன். மேல் நீதிமன்றத்திலும் அதே கேள்வி, அதே ஆமாம். ஆயுள் தண்டனை.

அவள் மேல் கோபமா என்கிறீர்கள். ஐயோ, எனக்கென்ன கோபம்? நிலுவையே இல்லாத நீதிமன்றம் என்று எங்களுக்குப் பாராட்டு வரவிருந்தது. ஒரு சொல்லுக்காக அதைக் கெடுப்பானேன்?

அவள் பிள்ளைகள் இரண்டும் இப்போது என் வீட்டில்தான் சாப்பிடுகின்றன. அம்மா எப்போது வருவாள் என்று சின்னது கேட்கும். தட்டில் இன்னொரு துண்டு இறைச்சி வைப்பேன். மாமா, மாமா என்று என் காலையே சுற்றுகின்றன. நீங்களே சொல்லுங்கள், கெட்டவனிடம் குழந்தைகள் இப்படி ஒட்டுமா?