எழுபத்திரண்டு என்று எழுதியவள்

இரவு இரண்டேகால். ஊரைத் தாண்டிப் போகும் நெடுஞ்சாலை. முன்னால் வண்டியில்லை, பின்னால் வண்டியில்லை. ஒரு ஆம்புலன்ஸ் மட்டும்...

ஏய், அந்த செல்போனைக் கவிழ்த்து வை. வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது. கதவையும் சாத்து. இது என் நண்பனின் மச்சானுக்கு நடந்தது. அந்த வண்டியை ஓட்டியவரே அவர்தான். கதை அளக்கிற ஆளில்லை.

வண்டியின் பின்பக்கம் இரண்டே பேர். ஸ்ட்ரெச்சரில் ஒரு பெரியவர். பக்கத்து இருக்கையில், ஆம்புலன்ஸ் வேலைக்குப் பயிற்சி எடுக்கும் ஒரு பெண். வீட்டில் அவளை 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர் படிப்புக்கு மூன்று முறை எழுதி மூன்று முறையும் கோட்டை விட்டவள். போனால் போகிறது என்று இதில் சேர்ந்தாள். சேர்ந்த அன்றே ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நாற்பது போட்டோ. அப்பா அதைத் தெரு முழுக்கக் காட்டினார். மகள் அந்த ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டினாளா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

எனக்கு இந்த மாதிரி ஆட்களைக் கண்டாலே ஆகாது. சீருடையில் இஸ்திரி மடிப்பு கலையாது. நோயாளியின் கையைத் தொடச் சொன்னால் மூக்கைச் சுளிப்பார்கள்.

பயிற்சி முடிய ஐம்பது நோயாளிகளைப் பார்த்து, ஐம்பது படிவம் நிரப்ப வேண்டும். நாடி பார்க்க முதல் வாரமே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மணிக்கட்டில் இரண்டு விரல், கண் கடிகாரத்தில், முழுதாக ஒரு நிமிடம். மகாராணிக்கு அந்த ஒரு நிமிடம் கிடைக்கவில்லை. எல்லோருக்கும் எழுபத்திரண்டு என்று எழுதிவிடுவாள். குழந்தைக்கும் எழுபத்திரண்டு. மாடியிலிருந்து விழுந்தவனுக்கும் எழுபத்திரண்டு. அந்த எண்ணைப் பார்த்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் அல்லவா?

அன்று ஐம்பதாவது படிவம். விடிந்தால் சான்றிதழ்.

ஆக்ஸிஜன் ஸ்ஸ்ஸ் என்று போய்க்கொண்டிருந்தது. பெரியவர் நெஞ்சில் தடவியிருந்த தைலத்தின் வாசனை வண்டி முழுக்க. மெதுவாகக் கையை நீட்டினார்.

"கையப் பிடிச்சுப் பாரும்மா... நின்னு நின்னு அடிக்குது."

அவள் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பாத்தாச்சு தாத்தா. எழுபத்திரெண்டு. நல்லா இருக்கு, தூங்குங்க."

முன்னால் இருந்த மச்சான் அதைக் கேட்டார். நம்பினார். வேகத்தைக் குறைத்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்தபோது, நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. மருத்துவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "உயிர் போய் அரை மணி நேரம் இருக்கும்" என்றார். படிவத்திலோ, ஐந்து நிமிடத்துக்கு முன் நாடி எழுபத்திரண்டு! மருத்துவர் திரும்புவதற்குள் அதை உருவிப் பைக்குள் திணித்தாள். புதுத் தாளில் வேறு நேரம் எழுதினாள். "அண்ணே, யார்கிட்டயும் வாயத் திறந்துடாதீங்க" என்றாள். அவரும் திறக்கவில்லை. அதற்காக அவரையும் நான் மதிக்கவில்லை. அதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன்.

சான்றிதழ் வந்தது. வேலை வந்தது. அன்று ராத்திரியே...

தூக்கத்தில், மணிக்கட்டில் இரண்டு விரல். சில்லென்று. அறையில் தைல வாசனை. காதருகே ஒரு குரல் நிதானமாக எண்ணியது. ஒன்று... இரண்டு... மூன்று... எழுபத்திரண்டில் நின்றது. விரல்கள் போய்விட்டன.

மறுநாள் எழுபத்தொன்று. அதற்கு மறுநாள் எழுபது.

காலையில் நாடி காட்டும் கருவியை விரலில் மாட்டிப் பார்ப்பாள். ராத்திரி எண்ணிய அதே எண். நாற்பது ஆனபோது படியேற முடியவில்லை. உதடு நீலம் பாய்ந்துவிட்டது. மச்சானிடம் மட்டும் சொல்லி அழுதாள். "டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடும்மா" என்றார் அவர். "சொன்னா அந்தத் தாளைப் பத்திக் கேப்பாங்கண்ணே. வேலை போயிடும்" என்றாள். உயிர் போகிறது, இவளுக்கு வேலையைப் பற்றிக் கவலை!

பத்து ஆனதும்தான் உயிர்மேல் ஆசை வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸ் நிலையத்துக்கு வந்து சேர்ந்தாள். உள்ளே ஒரு புதுப் பெண் மட்டும் இருந்தாள். இந்த டாக்டரம்மாவே வேலை பழக்கிவிட்ட பெண். எப்படிப் பழக்கியிருப்பாள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

நாற்காலியில் சரிந்து கையை நீட்டினாள். "கையப் பிடிச்சுப் பாருடி... நின்னு நின்னு அடிக்குது."

புதுப் பெண் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பாத்தாச்சுக்கா. எழுபத்திரெண்டு. நல்லா இருக்கு."

மச்சான் டீ குடித்துவிட்டு வந்தபோது, நாற்காலியில் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. மேசையில் எழுபத்திரண்டு என்று எழுதிய படிவம். மை கூடக் காயவில்லை.

இதோடு போயிருந்தால் நான் சொல்லியே இருக்க மாட்டேன். போன வாரம் அந்தப் புதுப் பெண் மச்சானிடம் வந்து மணிக்கட்டைக் காட்டினாள். இரண்டு விரல் தடம். ராத்திரி யாரோ எண்ணுகிறார்களாம். அறுபத்தொன்று வரை இறங்கிவிட்டதாம்.

"வயசானவர் குரலா?" என்று மச்சான் கேட்டார்.

இல்லையாம்... பெண் குரலாம். எண்ணி முடித்ததும், "பாத்தாச்சு" என்கிறதாம்.